இன்ஜின் ஓசையில் ஓர் ஒலியியல் பாடம்

உயர்நிலை வகுப்புகளில் ஒலி பற்றிய பாடத்தை நடத்தும்போது அதிர்வெண்ணுக்கு எடுத்துக்காட்டாக இசைக்கவை, வீணைக் கம்பி, கோயில் மணி ஆகியவற்றைக் கூறுகிறோம். ஆனால் நம் மாணவர்கள் நாள்தோறும் அதிகம் கேட்கும் ஒலி இன்ஜின் ஒலிதான். ஜெயங்கொண்டம் பகுதியில் சாலையோரப் பள்ளி எதுவானாலும் டிராக்டர், பேருந்து, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரி ஆகியவற்றின் ஓசை பாடவேளைகளின் ஊடே கேட்டுக்கொண்டே இருக்கும். வகுப்பில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை, மெக்கானிக் வீட்டுப் பிள்ளை என்று சிலராவது இருப்பார்கள். "டேப்பெட் அடிக்குது", "மிஸ்ஸிங் அடிக்குது", "பேரிங் போச்சு" என்பவை அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்கள்.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் காதால் கேட்டு, காரணம் தேடி, சோதித்து அடைந்த ஒரு முடிவு. அந்த முடிவை மெக்கானிக் எப்படி அடைகிறார் என்பதை விளக்கினால் அதிர்வெண், ஊடகம், ஒத்ததிர்வு, மாறிகளைக் கட்டுப்படுத்திச் சோதித்தல் ஆகிய அனைத்தையும் ஒரே எடுத்துக்காட்டில் கற்பிக்கலாம். அதற்குப் பந்தயக் கார் மிகவும் ஏற்றது. அதன் இன்ஜின் தன் திறனின் எல்லையில் இயங்குவதால் சிறு பழுதும் விரைவில் பெரும் சேதமாகிவிடும். எனவே அதன் ஓசையைக் கவனித்தே ஆக வேண்டும்.

நம் மாநிலத்துப் பந்தயக் கார்

இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் தமிழ்நாட்டிற்குத் தனி இடம் உண்டு. சென்னைக்கு அருகில் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்கள் நடந்தன. பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே ஒரு தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் இன்ஜினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் நம் இளைஞர்கள் பந்தயத்துறைக்குள் நுழைய அது வழி செய்தது. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கோவை நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான்.

மாருதி 800 இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர்கள். கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். தெருவில் காய்கறி வாங்கப் போகும் காரிலும் பந்தயத் தடத்தில் சீறும் காரிலும் இருந்தது ஒரே இன்ஜின் குடும்பம் என்பது மாணவர்களை ஈர்க்கும் செய்தி. நம் கணக்குகளையும் அதிலேயே தொடங்குவோம்.

ஓசைக்குள் இருக்கும் எண்

நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது ஒரு சிலிண்டரில் ஒரு முறை எரிதல் நிகழும். எனவே நொடிக்கு எத்தனை எரிதல்கள் என்பதை அறிய, நொடிக்கான சுற்றுகளைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும்.

ஒரே சிலிண்டர் கொண்ட புல்லட் மோட்டார் சைக்கிள் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,000 சுற்றில் நிற்கும்போது, நொடிக்கு 8 எரிதல்கள். அதனால்தான் அதன் அடியைத் தனித்தனியாகக் கேட்கிறோம். மூன்று சிலிண்டர் மாருதி இன்ஜின் 6,000 சுற்றில் ஓடும்போது, நொடிக்கு 100 சுற்று, எரிதல்கள் 150. இப்போது தனித்தனி அடிகள் மறைந்து 150 ஹெர்ட்ஸ் கொண்ட தொடர் ஓசையாகிவிடும். 2005-இல் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் காரில் பத்து சிலிண்டர் இன்ஜின். அது 18,000 சுற்றில் இயங்கினால் நொடிக்கு 300 சுற்று, 1,500 எரிதல். புல்லட்டின் 'டுப் டுப்' என்ற ஓசைக்கும் ஃபார்முலா ஒன் காரின் கீச்சுக் குரலுக்கும் உள்ள வேறுபாடு இந்த எண்களில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடிகளைத் தனித்தனியாகவும், அதற்கு மேல் ஒரே சுருதியாகவும் நம் காது உணர்கிறது. மெக்கானிக் முதலில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதன் காரணம் இதுவே.

பழுதின் ஓசைக்கும் எண் உண்டு. இன்ஜின் 1,200 சுற்றில் ஓடுகிறது எனக் கொள்வோம். நொடிக்கு 20 சுற்று. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். எனவே ஒரு வால்வின் டேப்பெட் இடைவெளி கூடியிருந்தால் நொடிக்கு 10 முறை மெல்லிய 'டிக்' ஒலி எழும். கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கனமான 'டொக்' ஒலி எழக்கூடும். ஆனால் எரிதலின்போது அடி பலமாக விழுவதால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது ஓங்கிக் கேட்பதும் உண்டு. ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடுத்த சோதனைகள் தேவை.

நான்கு கேள்விகள்

தேர்ந்த மெக்கானிக் கேட்கும் கேள்விகளை நான்காகத் தொகுக்கலாம்.

முதல் கேள்வி: ஓசை எதனுடன் சேர்ந்து மாறுகிறது? வண்டியை நிறுத்திவைத்து இன்ஜின் வேகத்தை மட்டும் கூட்டும்போது ஓசையும் வேகமெடுத்தால் பழுது இன்ஜினில் அல்லது அதனுடன் சுழலும் பாகங்களில் இருக்கிறது. வண்டி ஓடும்போது மட்டும் கேட்டு, கியரை மாற்றினாலும் வண்டி வேகத்தையே பின்பற்றினால் சக்கர பேரிங் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் ஓசை நின்றால் கியர் பெட்டியின் பக்கம் பார்வை திரும்பும். மிதித்ததும் ஓசை தொடங்கினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது கேள்வி: எப்போது கேட்கிறது? காலையில் முதல் முறை கிளப்பும்போது 'லொட லொட' என்று கேட்டு, இன்ஜின் சூடானதும் குறைந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். வெப்பத்தால் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் ஓசை அடங்குகிறது. திட்பொருள்களின் வெப்ப விரிவுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் மட்டும் கோலிக்குண்டுகளை டப்பாவில் குலுக்குவது போன்ற ஓசை வந்தால் அது நாக்கிங்.

மூன்றாவது கேள்வி: எங்கிருந்து வருகிறது? மேல்மூடியில் கேட்கும் 'டிக்' டேப்பெட்டினுடையதாக இருக்கலாம். புகைபோக்கிக் குழாய் இணையும் இடத்தில் கசிவு இருந்தாலும் அதே போன்ற 'டிக்' வரும். ஆனால் கசிவின் ஓசை வேகமெடுக்கும்போது 'புஸ் புஸ்' என்று பெருகும்; உலோகம் சூடாகி விரிந்ததும் குறையும்.

நான்காவது கேள்வி: எதை நிறுத்தினால் ஓசை நிற்கிறது? மூன்று சிலிண்டர்களில் ஒன்றின் எரிதலை மட்டும் மெக்கானிக் நிறுத்திப் பார்க்கிறார். அப்போது கனமான 'டொக்' தெளிவாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங்கே காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. எரிதலின் அழுத்தம் இல்லாததால் அடி விழவில்லை. டேப்பெட் ஓசையோ இச்சோதனையில் பெரிதாக மாறாது. பெல்ட்டின் கீச்சொலியா என்று அறிய அதன்மீது சிறிது தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் இதே வகைச் சோதனைதான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்னும் ஆய்வு நெறியை நாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். மெக்கானிக் கையால் செய்கிறார்.

இந்த வரிசையைத் தவிர்த்து ஊகத்தால் இன்ஜினைப் பிரித்தால் பல ஆயிரம் ரூபாய் வீணாகும். ஓசையைப் புறக்கணித்தாலோ இழப்பு இன்னும் பெரிது. கனமான தட்டலுடன் ஆயில் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும். உயவு இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே பேரிங் உருகி இன்ஜின் ஜாம் ஆகிவிடலாம்.

காதில் வைத்த திருப்புளி

மரப்பிடி போட்ட நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜின்மீது வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கும் வழக்கம் பழைய பட்டறைகளில் உண்டு. இரும்பின் அதிர்வு காற்றுக்குள் செல்லும்போது எல்லையிலேயே பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். திருப்புளி அந்த எல்லையைத் தவிர்த்து, அதிர்வை நேராகக் காதுக்குக் கொண்டுவருகிறது. அத்துடன் ஏனைய ஓசைகளின் நடுவே ஒரே இடத்தின் ஓசையைப் பிரித்துக் காட்டுகிறது. 1816-இல் பாரிஸில் மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அதிலிருந்தே ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மெக்கானிக்குகளுக்கென்றே நீண்ட உலோக முனை கொண்ட ஸ்டெதாஸ்கோப் இன்று கடைகளில் கிடைக்கிறது.

நவீன கார்களில் இந்த வேலையின் ஒரு பகுதியை நாக் சென்சார் செய்கிறது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகம் அதன் உள்ளே இருக்கிறது. நாக்கிங்கின்போது சிலிண்டருக்குள் எரிவாயு ஒத்ததிர்வு அடைந்து, ஏறக்குறைய 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையை எழுப்பும். சிலிண்டரின் விட்டம் சிறிதானால் சுருதி உயரும். அந்த அதிர்வெண்ணை உணர்ந்ததும் கணினி தீப்பொறியின் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி நாக்கிங்கை நிறுத்துகிறது.

ஓசையை அடக்கியதால் வந்த கேடு

நாக்கிங் தொடர்பாக மாணவர்களிடம் அவசியம் பேச வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1921-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டறிந்தார். இன்ஜின் அமைதியானது. ஆனால் புகையுடன் வெளியேறிய ஈயம் உலகெங்கும் மக்களின் உடலில் சேர்ந்தது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஓர் ஓசையை அடக்கிய முறை, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கற்கும் திறனைத் தொட்டுவிட்டது. அறிவியல் தீர்வுகளின் பக்க விளைவுகளை விவாதிக்க இது தகுந்த பொருள்.

மிதிவண்டியே போதும்

வகுப்பில் இதைச் செய்துகாட்ட இன்ஜின் தேவையில்லை; அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி ஒன்று போதும்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கெட்டி அட்டை ஒன்றைப் பின்சக்கரக் கம்பிகளில் உரசும்படி பிடிக்கச் செய்யலாம். சக்கரத்தில் 40 கம்பிகள் இருந்து, நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் 40 ஹெர்ட்ஸ். இரண்டு சுற்றானால் 80 ஹெர்ட்ஸ். சுருதி உயர்வதை மாணவர் காதாலேயே உணர்வர்.

அடுத்து அட்டையை எடுத்துவிட்டு, 'பழுது' ஒன்றை மறைத்து வைக்கலாம். சக்கரத்தின் ஒரு கம்பியில் துணி முடிச்சு கட்டி அது சட்டத்தில் தட்டும்படி செய்யலாம். அல்லது மிதியின் தண்டில் கட்டலாம். மாணவர்கள் திரும்பி நின்று ஓசையை மட்டும் கேட்க வேண்டும். மிதியைச் சுற்றுபவர் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிச் சொல்வார். முன்பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்பல்சக்கரத்தில் 18 பற்கள் எனில், மிதி ஒரு முறை சுற்ற, சக்கரம் ஏறக்குறைய 2.4 முறை சுற்றும். பத்து மிதிச் சுற்றுக்குப் பத்துத் தட்டல் கேட்டால் பழுது மிதியில். ஏறத்தாழ 24 தட்டல் கேட்டால் சக்கரத்தில். கிராங்க், கேம் ஆகியவற்றின் ஓசையைப் பிரித்தறியும் அதே முறை இது. கணித ஆசிரியர் விகிதப் பாடத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம்.

உண்மையான இன்ஜினைக் கேட்க விரும்பினால் உள்ளூர் மெக்கானிக் ஒருவரைப் பள்ளிக்கு அழைக்கலாம். சோதனைகளை அவர் மட்டுமே செய்ய வேண்டும். சுழலும் பெல்ட், விசிறி, உயர் மின்னழுத்த பிளக் வயர் ஆகியவற்றின் அருகே மாணவர்கள் செல்லக் கூடாது. இன்ஜினை நெடுநேரம் உறுமவிடவும் கூடாது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் தொடர்ந்து இருப்பது செவித்திறனைக் குறைக்கும்.

மதிப்பெண் பட்டியலில் கடைசியில் இருக்கும் மாணவர் இப்பாடத்தின்போது முன்வந்து பேசக்கூடும். விடுமுறையில் பட்டறைக்குச் சென்று உதவும் பிள்ளைக்கு மேற்கண்ட நான்கு கேள்விகளில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதற்கு அதிர்வெண், ஒத்ததிர்வு என்று பெயர் உண்டு என்பதுதான் தெரியாது. அந்தப் பெயர்களை நாம் சேர்த்துத் தந்தால், பத்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போய்விடலாம் என்று எண்ணும் ஒருவர் மேல்நிலையின் தொழிற்கல்விப் பிரிவையோ, ஐ.டி.ஐ.யின் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் பயிற்சியையோ, பாலிடெக்னிக்கையோ நினைத்துப் பார்ப்பார். ஒலிப் பாடம் தொடங்கும் நாளில், "உங்கள் வீட்டில் யாருக்கு இன்ஜின் ஓசையைக் கேட்டுப் பழுது சொல்லத் தெரியும்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.