ஷோகேஸில் சாகும் கேசட்டுகள்

2014 ஏப்ரல் 26. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் பழைய குப்பைமேட்டைத் தோண்டினார்கள். விற்காமல் தேங்கிய வீடியோ கேம் கேசட்டுகளை 1983இல் அடாரி நிறுவனம் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடிய இடம் அது. சுமார் 1,300 கேசட்டுகளை வெளியே எடுத்தார்கள். நசுங்கியிருந்தன, அழுக்கேறியிருந்தன, நாற்றம் வேறு. ஆனாலும் பலவற்றில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்து எந்த விளையாட்டு என்று சொல்ல முடிந்தது. முப்பது வருடம் குப்பைக்குள் கிடந்தும் அச்சு மை போகவில்லை. ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும் கேசட்டுகளுக்குச் சில வருடங்களிலேயே சிவப்பும் மஞ்சளும் வெளிறிப்போய் நீலம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. குப்பைமேட்டில் எல்லாக் கெடுதலும் உண்டு, வெயில் மட்டும் இல்லை.

அட்டைப்பெட்டியும் கையேடும் தொலைந்து தனியே மிஞ்சிய கேசட்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சிடியில் கீறல் விழும், டேப் சிக்கிக்கொள்ளும், கெட்டி பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இருக்கும் சிப்புக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்பார்கள். பாதி சரி. நின்டெண்டோ, சேகா நிறுவனங்களின் பெரும்பாலான கேசட்டுகளில் இருப்பது மாஸ்க் ரோம் என்ற சிப். சிப்பை வார்க்கும்போதே விளையாட்டும் அதன் வடிவத்தில் பதிந்துவிடுவதால் காந்தமோ வெளிச்சமோ அதை அழிக்காது. கெட்டுப்போவது அதைச் சுற்றியுள்ள எல்லாமும்தான்: லேபிள், ஓடு, பின்கள், பேட்டரி. அந்தக் கேட்டில் கணிசமான பங்கு, பத்திரமாக வைக்கிறோம், அழகாகக் காட்டுகிறோம் என்று உரிமையாளர் செய்யும் காரியங்களால் வருகிறது.

வெளிச்சத்தை முதலில் பார்ப்போம். வண்ண அச்சுத் தாள்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் நிறுத்திக்கொள்ளப் பார்க்கும். நேர்வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அச்சு மையைப் பொறுத்தவரை வெளிச்சத்தின் கேடு சேர்ந்துகொண்டே போகும். ஒரு மணி நேர நேர்வெயிலும், 50 லக்ஸில் 2,000 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே கணக்கு. தினம் எட்டு மணி நேரம் திறந்திருக்கும் காட்சியறையில் இது 250 நாள். காலையில் ஒரு மணி நேரம் வெயில் வந்து விழும் அலமாரி, தினமும் அவ்வளவு வேலையைச் செய்துவிடுகிறது.

கண்ணாடி தடுத்துவிடாதா என்று கேட்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் நிறுத்துகிறது. நீண்ட அலை கொண்ட யுவி-ஏ கதிரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். வெள்ளை எல்இடி பட்டையில் புற ஊதா மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் மையை வெளிறச் செய்யப் புற ஊதாதான் வேண்டும் என்றில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். இரவு பகலாக எரியும் அலங்கார விளக்கும் அந்தக் கணக்கில் சேரும். பார்க்கும்போது மட்டும் விளக்கைப் போடுவது செலவில்லாத வழி, ஆனால் ஷோகேஸ் வாங்கியவருக்கு இதைச் சொன்னால் பிடிப்பதில்லை.

நின்டெண்டோ 64 சேர்ப்பவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் பழைய கருவியான என்இஎஸ்ஸின் கேசட்டில் தலைப்பகுதியில் பெயர் அச்சாகியிருக்கும். புத்தகம் போல அடுக்கினாலும் எது எது என்று தெரியும். 64இன் கேசட்டில் லேபிள் முன்பக்கம் மட்டும்தான். கேம் பாய் கேசட்டும் அப்படியே. அடுக்கினால் எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கட்டைகள். அதனால் லேபிள் முழுவதும் வெளிச்சத்தைப் பார்க்கும்படி முகம் காட்டி நிறுத்துகிறார்கள், அல்லது தலையில் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். ஸ்டிக்கரின் பசை ஓட்டில் ஊறும், உரித்தால் தடம் நிற்கும். இருட்டான இழுப்பறையில் அடுக்கிவிட்டு, அடுக்கின் படத்தை அச்சடித்து மூடியில் வைத்துக்கொள்வதே என் கட்சி.

ஓட்டின் கதை வேறு. இந்த ஓடுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்தவை. வெளிர் சாம்பல் நிற ஏபிஎஸ் நாளாவட்டத்தில் பழுப்பு மஞ்சளாகிறது. தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களைக் காரணமாகச் சொல்வது வழக்கம். பிளாஸ்டிக்கில் உள்ள பூட்டாடையீன் ரப்பர் பகுதி காற்றோடு வினைபுரிவதும் சேர்ந்துகொள்கிறது. வெயில் இதை வேகப்படுத்தும், வெறும் சூடும் வேகப்படுத்தும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரண் இருட்டாக இருக்கிறதே என்று அங்கே ஏற்றிவைத்தால் வெளிச்சத்திலிருந்து தப்பி வெப்பத்தில் மாட்டும். 2008 முதல் பரவிய ரெட்ரோபிரைட் முறையில் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். வெளுக்கும். பிறகு பல ஓடுகளில் மஞ்சள் திரும்பி வருகிறது. இடையில் லேபிளை உரிக்க வேண்டும், அல்லது நனையவிட வேண்டும். மஞ்சளான ஓடு விளையாட்டை எந்த விதத்திலும் தடுப்பதில்லை என்பதை நினைவில் வைத்தால் இந்தச் சோதனைக்கே போக மாட்டீர்கள்.

பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கும் உறைகளில்தான் அடுத்த கண்ணி. மெத்தென்று வளைந்து, புது ரெக்சின் வாடை அடிக்கும் உறை பெரும்பாலும் பிவிசி. அதை மெத்தென்று ஆக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியேறி, ஒட்டியிருக்கும் ஏபிஎஸ் ஓட்டை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும்; பிவிசி சிதையும்போது வரும் அமில வாயு உலோகத்தை அரிக்கும். உறையிலோ டப்பாவிலோ முக்கோணக் குறிக்குள் 3 என்று இருந்தால் அது பிவிசி, வேண்டாம். 1, 2, 4, 5 ஆகிய எண்களுக்குப் பயமில்லை. சாதாரண ஜிப் பை பாலிஎத்திலீன், அதுவே போதும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது உருகி லேபிளோடு ஒன்றாகிவிடும், ரப்பரில் உள்ள கந்தகம் செம்பைக் கறுக்கவைக்கும்.

ஈரப்பதம் பற்றி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எழுதியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 40 முதல் 50 சதவீதம் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பது பொதுக் கணக்கு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்று விற்றவை ஃபேமிகாம் என்ற ஜப்பானிய விளையாட்டுக் கருவியின் நகல்கள். அவற்றின் கேசட்டுகளில் பலவற்றில் பின்களின் மேல் பொன் பூச்சு மிக மெல்லியது, அல்லது இல்லவே இல்லை. உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்புக் கோந்து உருண்டை மட்டும் இருக்கும். அதற்குள் ஏதாவது போனால் மாற்ற வழியில்லை. கடலோர ஊர்களில் இந்தக் கேசட்டுகளின் பின்களில் பச்சை பூப்பது அடிக்கடி காணும் காட்சி. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி இருந்தால் போதும். ஆரஞ்சு ஜெல் பச்சையானால் வறுத்து உலர்த்தி மறுபடி போடலாம். ஏசி அறையில் குளிர்ந்த கேசட்டை நேரே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் அதன்மேல் வியர்க்கும். மூடிய டப்பாவோடு கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். நாப்தலீன் ஆவி ஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கக்கூடியது, ஏபிஎஸ் அந்தக் குடும்பம்தான். லேபிளின் தாளுக்கும் பசைக்கும் வரும் ராமபாணப் பூச்சிக்கு ஈரம் வேண்டும். ஈரத்தைக் குறைத்தால் அதுவும் வராது.

துடைக்கும் விஷயத்தில் சுருக்கமாக. பின்களின் மேலுள்ள பொன் பூச்சு மிக மிக மெல்லியது. பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் பிராஸோவைப் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஏனென்றால் பூச்சு போய் அடியிலுள்ள உலோகம் வெளியே வந்திருக்கும். பிறகு அது துரிதமாக அரிக்கும். மணல் கலந்த மை அழிப்பானும் அதே வேலையைச் செய்யும். 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். லேபிளில் படக் கூடாது. வாயால் ஊதுவது எச்சிலை உள்ளே அனுப்புவதுதான். ஊதியதும் ஓடியது என்று சொல்பவர்கள், கேசட்டைக் கழற்றி மறுபடி செருகினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓட வைத்தது அந்த மறு செருகல்.

இவ்வளவும் மெதுவாக நடப்பவை, கண்ணுக்குத் தெரிபவை. கடைசி ஆபத்து தெரியாது. 1987இல் அமெரிக்காவில் பொன்னிற ஓட்டில் வந்த தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா கேசட்டுக்குள் சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கிறது. விளையாடியவர் எந்த இடத்தில் விட்டார் என்பதை எஸ்ரேம் என்ற நினைவகச் சிப்பில் வைத்திருப்பதற்கு அந்தப் பேட்டரியின் மின்சாரம் வேண்டும். அது தீர்ந்தால் விளையாட்டு ஓடும், சேவ் செய்தது மட்டும் மறைந்துவிடும். எவ்வித எச்சரிக்கையும் வராது. பேட்டரிக்குச் சொன்ன ஆயுள் பதினைந்து வருடம் போல. முப்பதைத் தாண்டியும் ஓடுபவை உண்டு. அதை நம்பி எத்தனை நாள் இருக்கலாம் என்பது அவரவர் துணிச்சல்.

எல்லாக் கேசட்டும் இப்படியல்ல. சூப்பர் மரியோ 64 தன் பதிவை மின்சாரம் இல்லாமலே நிற்கும் இஇபிராமில் வைக்கிறது. ஆக்கரினா ஆஃப் டைம் பேட்டரியை நம்புகிறது. 1999இல் ஜப்பானில் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றுக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. சேவ் பதிவையும் கடிகாரத்தையும் ஒரே சிஆர்2025 பேட்டரி தாங்குவதால் சீக்கிரம் தீர்கிறது. அடுத்து வந்த ரூபி, சஃபையரில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும், சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் தங்கும்.

பேட்டரியை மாற்றலாம், ஆனால் பழையதைக் கழற்றும் நொடியில் பதிவும் போய்விடும். முதலில் கேசட் ரீடர் வழியாக அதைக் கணினியில் எடுக்க வேண்டும். கேம் பாய்க்கு ஜிபி ஆபரேட்டர் போன்ற கருவிகள் விற்பனையில் உள்ளன. புதிய பேட்டரி போட்டபின் அதையே திரும்ப ஏற்றலாம். ஓட்டைத் திறக்க என்இஎஸ், எஸ்என்இஎஸ், நின்டெண்டோ 64, கேம் பாய் ஆகியவற்றின் கேசட்டுகளுக்கு 3.8 மிமீ கேம்பிட் என்ற தனித் திருப்புளி வேண்டும், சேகா மெகா டிரைவுக்கு 4.5 மிமீ. பேட்டரியின் மேலேயே நேரடியாக ஈயம் வைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கலாம். தகடு பற்றவைத்தே வரும் பேட்டரியை வாங்கி, தகட்டில் மட்டும் ஈயம் வைக்க வேண்டும். டேப் ஒட்டி நிறுத்தும் வித்தை ஒரு அசைவில் பிரிந்துவிடும். கழற்றிய பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் புண்ணாக்கும்.

ஆகவே அலமாரி, விளக்கு, உறை எல்லாம் பிறகு. உங்களிடம் போக்கிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் இருந்தால் அவற்றை இந்த வாரமே எடுத்து, சேவ் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நகலெடுங்கள். அடுத்து ஜெல்டாவும் பேட்டரி உள்ள மற்றவையும். அவை எல்லாவற்றுக்கும் வயது இருபதைத் தாண்டிவிட்டது.