கடலுக்குப் போகும் பையில் ஒரு டப்பா

தருவைகுளம் கரையில் ஒரு காலை நேரம். படகிலிருந்து ஓர் இளைஞரை இரண்டு பேர் தோளில் தாங்கி இறக்கினார்கள். வலது பாதத்தில் திருக்கை முள் குத்தியிருந்தது. கணுக்காலுக்கு மேலே நைலான் கயிற்றை முறுக்கி இறுக்கியிருந்தார்கள். கயிற்றுக்குக் கீழே பாதம் நீலம் பாரித்துக் கிடந்தது. காயத்தின் மேல் சுண்ணாம்பும் புகையிலையும் அப்பியிருந்தது. குத்தி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

“நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கோம் அண்ணாச்சி, விஷம் ஏறாது” என்றார் கூட வந்தவர்.

அந்த முள்ளைவிட அந்தக் கயிறுதான் அந்தக் காலுக்குப் பெரிய ஆபத்து. படகில் அடுப்பு இருந்தது, டீ போடத் தண்ணீர் இருந்தது. திருக்கை முள்ளின் வலிக்கு முதல் மருந்தே வெந்நீர்தான். அதைக் காய்ச்ச யாருக்கும் தோன்றவில்லை.

படகில் முதலுதவிப் பெட்டி இருந்ததா என்று கேட்டேன். இருந்தது. என்ஜின் அறையில், டீசல் கேனுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. கொக்கி துருப்பிடித்து, திருப்புளி வைத்து நெம்பித்தான் திறக்க முடிந்தது. உள்ளே ஒரு சீப்பு, இரண்டு தீப்பெட்டி, காலாவதியாகிப் பல வருடமான களிம்பு, உப்புக்காற்றில் பசை உருகிச் சுருண்ட பிளாஸ்டர். இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் வேம்பார் முதல் பெரியதாழை வரை பார்க்கிறேன்.

இந்தக் கடலில் இறங்குகிறவனுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது புதிய எண்ணம் இல்லை. முத்துக்குளித்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ‘கடல்கட்டி’ என்று ஆள் வைத்திருந்தார்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அப்படிப்பட்ட மந்திரக்காரர்களுக்குப் போனதாக 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அன்று பாதுகாப்புக்கு முத்தையே பங்கு கொடுத்த கரை, இன்று ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் ஒரு டப்பாவுக்கு யோசிக்கிறது.

டப்பாவில் என்ன இருக்க வேண்டும்

தகரப் பெட்டி வேண்டாம். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா போதும். பூட்டு கூடவே கூடாது. படகில் ஒன்று இருந்தாலும் உங்கள் பையில் உங்களுக்கென்று ஒன்று இருக்கட்டும்.

1. ரப்பர் கையுறை, இரண்டு ஜோடி. அடுத்தவர் ரத்தத்தைத் தொடுமுன் மாட்டிக்கொள்ள.

2. பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த காஸ் துணி, பத்து. பஞ்சைக் காயத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது காயத்தைக் கிளறும்.

3. சுற்றுத்துணி எனப்படும் ரோலர் பேண்டேஜ் இரண்டு அங்குலத்தில் இரண்டு, நான்கு அங்குலத்தில் இரண்டு. சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ்.

4. கை முறிந்தால் தொட்டில் கட்ட முக்கோணத் துணி. துவைத்த பழைய வேட்டியில் ஒரு மீட்டர் சதுரம் வெட்டி, குறுக்கே இரண்டாக்கினால் இரண்டு கிடைக்கும்.

5. போவிடோன் அயோடின் திரவம், சின்ன பாட்டில். கடையில் பீட்டாடின் என்று கேட்டாலே கொடுப்பார்கள். அயோடின் ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்.

6. ஒட்டும் பிளாஸ்டர், முனை மழுங்கிய கத்தரி, முள் எடுக்கும் இடுக்கி. இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

7. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்பது பாக்கெட்டிலேயே இருக்கும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. கண்ணளவில் கலக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டு விற்ற சர்க்கரைப் பானங்களுக்கு 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வராமல், உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

8. பாராசிட்டமால் 500 மி.கி. ஓர் அட்டை. நீங்கள் தினமும் சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை இரண்டு நாளுக்கு.

9. சின்ன டார்ச், விசில்.

10. பிளாஸ்டிக் உறையில் போட்ட ஓர் அட்டை: பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, இருக்கும் நோய், கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி, வீட்டில் யாரை அழைக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்காகப் பேசப்போவது இந்த அட்டைதான்.

டப்பாவுக்கு வெளியே இரண்டு பொருள் கட்டாயம்: காயம் கழுவ ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு பிளாஸ்க் வெந்நீர்.

வைக்கக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். போன காய்ச்சலில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் வேண்டாம். பெயர் தெரியாத களிம்பு வேண்டாம். மாத்திரைகள் மக்கள் மருந்தகத்திலும், 2025-இல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

கடலில் எது பட்டால் என்ன செய்வது

திருக்கை, கெளுத்தி முள் குத்தினால்: நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை அடிபட்ட இடத்தை முக்கி வையுங்கள். சூடு 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. அடிபட்டவர் வலியில் சூடு அறியமாட்டார். கூட இருப்பவர் தன் கையை விட்டுப் பார்த்த பிறகே முக்க வேண்டும். முள் ஆழமாக நின்றுவிட்டால், முக்கியமாக நெஞ்சிலோ வயிற்றிலோ நின்றால், பிடுங்காதீர்கள். அசையாமல் சுற்றித் துணி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால்: திருச்செந்தூரில் கடலாட வரும் பக்தர்களும் இதைக் கேளுங்கள். மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய கொடுக்குகள் இன்னும் வெடிக்கும். கடல்நீரையே ஊற்றிக் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

கடல்பாம்பு கடித்தால்: வலி அதிகம் இருக்காது, அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். கண் இமை சொருகுவதும், உடம்பு முறிவதும், சிறுநீர் கறுப்பதும் பிறகுதான் வரும். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்குத்தான். கடல்பாம்புக்கு மூச்சுக்கருவியும் சிறுநீரகச் சிகிச்சையும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியே வேண்டும். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக் கரைக்குத் திரும்புங்கள். கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். உறிஞ்சாதீர்கள்.

ரத்தம் பீறிட்டால்: காஸ் துணியை வைத்து, பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் ரத்தத்தை நிற்கவிடாது. காபித்தூள், டீசல், மஞ்சள் எதுவும் வேண்டாம். தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் தண்ணீர். டூத்பேஸ்டும் பேனா மையும் வேண்டாம்.

சங்குகுளிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கம்ப்ரஸர் காற்றில் இறங்கி ஏறிய பிறகு மூட்டு வலித்தாலோ, கால் மரத்தாலோ, தள்ளாடினாலோ இந்த டப்பாவில் அதற்கு மருந்து இல்லை. மறுபடி இறங்கினால் சரியாகிவிடும் என்று இறங்காதீர்கள். படுக்க வைத்து, ஆக்சிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை பாகம் ஆழம், எத்தனை நிமிடம், எத்தனை முறை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கம்ப்ரஸரில் இறங்கியதை மறைக்காதீர்கள்.

கடல்நீரில் பட்ட சின்னக் கீறலும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். வீங்கிச் சிவந்து கொப்புளம் கண்டால் அன்றே டாக்டர். டி.டி. ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அழுக்கான காயம் என்றால் ஐந்து வருடம் தாண்டியவரும் போட்டுக்கொள்ள வேண்டும்.

யாரை அழைப்பது

கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, வயர்லெஸ் என்றால் 16-ஆம் சானல். கரை சேர்ந்த பிறகு 108-ஐத் தேடாதீர்கள். செல்போனில் சிக்னல் கிடைத்ததுமே அழைத்து, எந்தக் கரையில் இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் நீங்கள் இறங்கும்போது வண்டி நிற்கும். நெஞ்சுவலி என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரே போங்கள். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

உப்பளத்திலும் துறைமுகத்திலும்

உப்பளத்தில் பித்தவெடிப்பும் வெட்டுக்காயமும் உள்ள காலோடு பாத்தியில் நிற்கிறார்கள். அங்கே இந்த டப்பாவோடு ரப்பர் பூட்ஸும் இரண்டு பங்கு ஓ.ஆர்.எஸ்ஸும் வேண்டும். துறைமுகத்தில் கண்ணில் ரசாயனமோ தூசியோ பட்டால் குறைந்தது 20 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே வண்டி ஏற வேண்டும்.

தொழிற்சாலையில் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுக்க அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆவது பிரிவே சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் முதலுதவியை நிறுவனத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆனால் நான் பார்ப்பது என்ன? சுவரில் சிவப்புச் சிலுவை போட்ட பெட்டி, அதில் பூட்டு, சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் டீக்கடையில். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் சுவரில் பெட்டி தொங்குகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள். திறந்து பார்த்தால் என்ன? ஒரு நிமிடம் ஆகுமா?

பெட்டி இல்லை, அல்லது பூட்டியிருக்கிறது என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவின் நகலைக் கொடுங்கள். மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனு.

காகிதம்: எல்லோரும் கோட்டை விடும் இடம்

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் திருச்செந்தூர் அரசு மருத்துவமனையானாலும், அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “எப்படி அடிபட்டது?” நீங்கள் சொல்வது விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். எந்த இடம், எத்தனை மணி, என்ன வேலை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

“வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு, செலவ நாங்க பாத்துக்கிடுதோம்” என்று மேஸ்திரி காதில் சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து வெட்டுப்பட்ட விரலோடு இழப்பீடு கேட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் பதிவில் வீடு என்று இருந்தால், மறுநாள் சொல்லும் உண்மையை யாரும் நம்பமாட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன்: மேஸ்திரிக்காகப் பொய் சொல்லாதீர்கள்.

அந்த ஏ.ஆர். காப்பியோடு ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள், நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதா, இ.எஸ்.ஐ.க்குத் தகவல் போனதா என்று அன்றே கேளுங்கள்.

மீனவர்களுக்குப் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். மீனவர் கட்ட வேண்டிய பிரீமியம் எதுவும் இல்லை. உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அடிபடுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். மீனவர் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரெழுத்து வித்தியாசத்துக்கு மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள்.

எப்போது செய்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. படகுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்கள், என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறீர்கள். அந்த நாட்களிலேயே ஒரு முதலுதவி வகுப்புக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தைக் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். தொழிலுக்குப் போகாத ஞாயிறுகளில் மாதத்துக்கு ஒன்றில், பூசை முடிந்து வந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். காலாவதித் தேதி, பசை, துரு. ஐந்து நிமிட வேலை.

அந்த இளைஞரின் காலில் இருந்த கயிற்றைக் கரையிலேயே தளர்த்தினோம். பாதத்துக்கு மெல்ல நிறம் திரும்பியது. எல்லாக் காலும் அப்படித் திரும்புவதில்லை. உங்கள் படகில் யாராவது கயிற்றை எடுத்தால் கையைப் பிடித்துத் தடுத்து, அடுப்பில் தண்ணீரை வையுங்கள்.