ஒட்டுமா, உருகுமா?

1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெள்ளைக் கவசம் பூண்டு அணிவகுக்கும் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களைப் பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கவசத்தில் இரும்பும் இல்லை, தோலும் இல்லை. அத்தனையும் பிளாஸ்டிக் ஷீட். லண்டனின் ட்விக்கன்ஹாமில் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்பவர் வார்த்துக் கொடுத்தது. ஷீட்டைச் சட்டத்தில் பூட்டிச் சூடேற்றினால் ஈரத்துணிபோலத் தொய்ந்துவிடும். அதை அச்சின்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் அச்சின் மேடு பள்ளமெல்லாம் அப்படியே பதியும்.

கவசத்துக்கு எடுத்தது ஏ.பி.எஸ். என்ற வெள்ளை ஷீட். தலைக்கவசங்களில் பெரும்பாலானவை ஹெச்.டி.பி.இ. வகை, அதன் நிறம் காக்கி என்பதால் வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. பெயிண்டையும் பசையையும் லேசில் பிடித்துக்கொள்ளாத பிளாஸ்டிக் அது.

பள்ளிக் கண்காட்சிக்குக் கோபுரம் செய்பவரானாலும், குறும்படத்துக்கு வாள் செய்பவரானாலும் இப்படியொரு ஷீட் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் பார்ப்பது எடையைத்தான். எடை குறைவுதான் வேண்டுமென்றால் தெர்மாகோலை அடிக்க ஆளில்லை. அதில் சுமார் 98 சதவீதம் காற்று. 2017-இல் வைகை அணை நீர் ஆவியாகாதிருக்க மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றடித்ததும் கரை ஒதுங்கிய கதை ஊரறிந்தது. ஒரு சதுர மீட்டர் அக்ரிலிக், 3 மி.மீ. கனத்தில், மூன்றரைக் கிலோ இருக்கும். அதே அளவு தெர்மாகோல், 10 மி.மீ. கனமிருந்தும், கால் கிலோவைத் தாண்டுவது அபூர்வம்.

ஆனால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் எடை அல்ல. பசையும் பெயிண்டும் சூடும்தான்.

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். பெட்ரோல், தின்னர், சாதாரண ஸ்பிரே பெயிண்ட் எது பட்டாலும் கரைந்து குழிந்துவிடும். வெள்ளை ஃபெவிகாலும் தண்ணீரில் கலக்கும் பெயிண்டுமே அதற்கு ஏற்றவை. சூடான நிக்ரோம் கம்பியால் அறுத்தால் விளிம்பு வழுவழுப்பாக வரும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அறுக்க வேண்டும்.

அடுத்தது சன்போர்டு. நுரைத்த பி.வி.சி. என்பதால் முழு பி.வி.சி.யில் ஏறக்குறையப் பாதி எடைதான். பிளேடால் வெட்டலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், ஹீட் கன் காட்டி வளைக்கலாம். கட்டட மாதிரிகளின் சுவருக்கு இதைவிடத் தோதான ஷீட் கிடைப்பது கடினம். ஒரே ஒரு கண்டிப்பு: லேசர் மெஷினில் வைக்கவே கூடாது. எரியும் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். அது நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் இரும்பையும் அரிக்கும். லேசரில்தான் வெட்ட வேண்டுமென்றால், எடை கூடினாலும் அக்ரிலிக்தான்.

தேர்தல் தட்டிகளில் பார்க்கும் சன்பேக் ஷீட், உள்ளே குழல் குழலாக இருக்கும் பாலிப்ரொப்பிலீன். மலிவு, மழைக்கும் அஞ்சாது. குழல் ஓடும் திசையில் விறைப்பாக நிற்கும்; குழலுக்கு இணையாக மடித்தால் சட்டென மடியும். பசையை நம்பாமல் துளையிட்டு கேபிள் டை போட்டு இறுக்குவதே நல்லது.

கடையில் 'ஃபோம் ஷீட்' என்று கேட்டால் இதில் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டுவார்கள். ஒரு துண்டு வாங்கி மூலையில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தெர்மாகோல் குழியும், சன்போர்டு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சன்பேக்கில் காய்ந்த பசை நகத்தால் சுரண்டினாலே பெயர்ந்து வரும்.

உடம்பில் அணிய வேண்டிய கவசத்துக்கும், அடித்தால் வலிக்கக் கூடாத வாளுக்கும் இ.வி.ஏ. ஷீட் இருக்கிறது. செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் அதே பொருள்தான். ஆகவே செருப்புத் தைப்பவர் இருபுறமும் பூசி, சற்றே காயவிட்டு அழுத்தும் ரப்பர் பசையே இதற்கும் பொருந்துகிறது. ஹீட் கன்னைக் காட்டினால் மேற்பரப்பின் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். ஆறும்வரை முழங்காலில் அழுத்திப் பிடித்தால் அதே வளைவு நின்றுவிடும். பெயிண்டுக்கு முன்னால் மட்டும் வளைந்து கொடுக்கும் ரப்பர் பூச்சு ஒன்று அவசியம். அது இல்லாமல் அடித்த பெயிண்ட் முழங்கை மடங்கும் இடத்தில் வெடிப்பு விட்டுவிடும்.