கோடையில் கடலுக்கு உரமிடும் பாசி

ஜூலை மாதத்தில் பால்டிக் கடலின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தால், நீலத் தண்ணீரில் மஞ்சளும் பச்சையும் சுழி சுழியாகக் கரைந்து கிடக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவும் அந்தக் கோலத்தைப் போடுவது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நோடுலாரியா என்ற நீலப்பச்சைப் பாசியும் அதன் உறவுகளும்தான்.

வசந்தத்தில் வெயில் ஏறியதும் டயாட்டம் முதலிய நுண்பாசிகள் பெருகி, நீரிலுள்ள நைட்ரேட்டைத் தின்று தீர்த்துவிடுகின்றன. பாஸ்பேட் மட்டும் கொஞ்சம் மிஞ்சுகிறது. கோடையில் மேல்நீர் சூடேறி, அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்காமல் தனி அடுக்காக மிதக்கிறது. கீழிருந்து சத்து ஏறி வருவது அரிது. மற்ற பாசிகள் பட்டினி கிடக்கும் இந்த வேளைதான் நோடுலாரியாவின் பருவம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். கடல்நீரிலும் அது கரைந்திருக்கிறது. ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் பெரும்பாலான உயிர்களுக்கு அது பயன்படாது. உரத் தொழிற்சாலைகள் 400 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் அந்தப் பிணைப்புகளை உடைக்கும் வேலையை, நைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கொண்டு இந்தப் பாசி சாதாரணக் கடல்நீரிலேயே முடிக்கிறது.

அந்த நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஒளிச்சேர்க்கை செய்யும் பாசியோ ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். இந்தச் சிக்கலுக்கான விடை நுண்ணோக்கியில் தெரியும். நாணயங்களை அடுக்கிக் கோத்த சரம்போல் தட்டைத் தட்டையாகச் செல்கள். இடையிடையே தடித்த சுவருடன் வெளிறிய செல் ஒன்று. அது ஹெட்டரோசிஸ்ட். ஆக்சிஜன் உண்டாக்கும் வேலையை அது விட்டுவிட்டது. அண்டைச் செல்கள் சர்க்கரை தர, அது நைட்ரஜன் சத்தைத் திருப்பித் தருகிறது. நம் நெல்வயலில் உரமாகும் அசோலா என்ற மிதக்கும் பெரணிக்குள் வாழும் பாசியிலும் இதே ஏற்பாடுதான்.

வயலுக்கு வரமாகும் வேலை, பால்டிக்கில் அளவு மீறுகிறது. நோடுலாரியா கல்லீரலைத் தாக்கும் நஞ்சையும் சுரக்கிறது. மடிந்த பாசி அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது; ஆக்சிஜன் இல்லாத சேற்றிலிருந்து பாஸ்பேட் கசிந்து மேலே வந்து, அடுத்த கோடைக்குத் தீனியாகிறது. அந்தப் பாஸ்பேட்டில் பெரும்பங்கு, பல பத்தாண்டுகளாகக் கழிவுநீரும் வயல் உரமும் கொண்டுவந்து சேர்த்தது. கரைநாடுகள் 1974-இல் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அது கடலில் வந்து சேர்வதைக் குறைத்துவருகின்றன. ஆனாலும் சேற்றில் சேர்ந்த பழைய இருப்பு கரையும்வரை, கோடைதோறும் அந்தப் பச்சைச் சுழிகள் வந்துகொண்டுதான் இருக்கும்.