லாஸ்டிக் வாரும் பிள்ளையின் கண்ணும்

தோழர்களே, மரத்தில் காயம் படாமல் பால் வெட்டத் தெரிந்தவர்கள் நாம். பையனின் லாஸ்டிக்குக்கு வார் வெட்டும்போது மட்டும் ஏன் இந்த அசட்டை?

வார் கவட்டைப் பக்கம் 25 மில்லிமீட்டர் அகலம், கல் வைக்கும் தோல் பக்கம் 15 மில்லிமீட்டர் என ஒடுங்கி வரட்டும். நுனியில் கனம் குறைந்தால் வார் வேகமாகத் திரும்பும். கல்லும் வேகமாகப் பாயும். ரொம்ப ஒடுக்கினால் சீக்கிரம் அறுந்துபோகும்.

மெல்லிய ரப்பரை இரண்டாக அடுக்கி, இரும்பு அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். இரண்டு வாரும் சமமாக இருக்கும். கத்தரிக்கோல் வேண்டாமுங்க, விளிம்பில் பிசிறு விடும். அந்தச் சின்னக் கீறலில்தான் வார் அறும். அறுந்தது முகத்தில் அடிக்கும்.

வெயிலில் கிடந்த ரப்பர் வெடிக்கும். வெடிப்பு தெரிந்தால் வாரைத் தூக்கிப் போடுங்கள். பையனைக் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். வார் போனால் வேறு வெட்டலாம், கண் போனால்?