சேற்றில் புதையும் உழவு இயந்திரம்: டிபரன்சல் லொக்கை எப்போது மிதிப்பது?

வன்னியில் காலபோக உழவு தொடங்கினால் வயல்களில் அடிக்கடி காணும் காட்சி இது. உழவு இயந்திரத்தின் பின்சில்லு ஒன்று சேற்றை வாரி இறைத்தபடி சுழலும். மற்றச் சில்லு அசையாமல் நிற்கும். சாரதி வேகத்தைக் கூட்டக் கூட்ட, சுழலும் சில்லு இன்னும் ஆழமாகப் புதையும்.

இது இயந்திரத்தின் பழுது அல்ல. பின் அச்சின் நடுவே உள்ள டிபரன்சலின் இயல்பே அதுதான். திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிபரன்சல் இடம் கொடுக்கிறது. ஆனால், இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு விசையையே அது பகிர்கிறது. வழுக்கும் சில்லைச் சுழற்றச் சிறிய விசை போதும். உறுதியான நிலத்தில் நிற்கும் சில்லுக்கும் அதே சிறிய விசைதான் போய்ச் சேரும். இயந்திரத்தை நகர்த்த அது போதாது.

டிபரன்சல் லொக் இரண்டு பக்க அச்சுகளையும் ஒன்றாகப் பூட்டுகிறது. அதன்பின் இரண்டு சில்லும் ஒரே வேகத்தில் சுழலும். பிடிப்புள்ள சில்லு இயந்திரத்தை இழுக்கும்.

பயன்படுத்தும் முறை

சில்லு புதைந்த பின்னர் அல்ல, வழுக்கத் தொடங்கும்போதே லொக்கைப் போட வேண்டும். முதலில் கிளட்சை மிதித்துச் சில்லுகளின் சுழற்சியை நிறுத்துங்கள். லொக் மிதியை அழுத்தியபடி கிளட்சை மெதுவாக விட்டு, நேராக ஓட்டுங்கள். ஒரு சில்லு வேகமாகச் சுழலும்போது லொக்கை மிதித்தால் உள்ளே பற்கள் உடையக்கூடும்.

சேற்றைத் தாண்டியதும் மிதியிலிருந்து காலை எடுங்கள். லொக் விடுபடாவிட்டால் கிளட்சை ஒருமுறை மிதித்தால் பெரும்பாலும் விடுபடும். அது விடுபடும்வரை திரும்ப வேண்டாம். பூட்டிய சில்லுகள் இயந்திரத்தை நேராகவே தள்ளும். வரம்போரத்திலோ வாய்க்கால் கரையிலோ அது ஆபத்து. தார் வீதியில் லொக் போடவே கூடாது.

பாறைகளில் ஏறும் ரிமோட் கொன்ட்ரோல் விளையாட்டு ட்ரக்குகளில் டிபரன்சலை நிரந்தரமாகவே பூட்டிவிடுவார்கள். அவை சில கிலோ எடையுள்ளவை. திரும்பும்போது சில்லு வழுக்கிச் சமாளிக்கும். இரண்டு தொன் எடையுள்ள இயந்திரத்தில் அந்த இழுவையை அச்சும் கியரும் டயரும் தாங்க வேண்டும். எனவே டிபரன்சலை வெல்டிங் செய்து பூட்டும் யோசனையை ஏற்க வேண்டாம்.

அச்சுவரை புதைந்துவிட்டால்

அப்போது லொக்கும் உதவாது. பின்சில்லுகளில் மரக்குற்றியைக் கட்டி முன்னோக்கி ஓட்டுவது உயிராபத்தானது. சில்லு சுழல முடியாமல் இறுகினால், இயந்திரத்தின் முன்பக்கம் எழுந்து சாரதியின் மேல் கவிழும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. சில்லுகளின் பின்னால் சேற்றை வெட்டி, பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னோர் இயந்திரத்தால் மெதுவாக இழுக்கலாம். இழுக்கும் இயந்திரத்தில் சங்கிலியைப் பின் அச்சைவிடத் தாழ்ந்த கொழுவியில் மட்டுமே மாட்ட வேண்டும்.

போரில் உழவு இயந்திரங்களை இழந்து, மீள்குடியேறிய பின் லீசிங்கில் மீண்டும் வாங்கியவர்கள் எம்மிடையே பலர். உழவு காலத்தில் டிபரன்சல் உடைந்தால் திருத்தச் செலவோடு அந்தப் போகத்தின் வருமானமும் போகும். தவணைப் பணம் மட்டும் நிற்காது. ஆகவே இயந்திரத்தைக் கூலிச் சாரதியிடம் கொடுக்கும் முன், லொக் மிதி எங்கே இருக்கிறது, அதை எப்போது விட வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுங்கள்.