ஆணுக்கு மட்டும் ஒரு புரதமா?

சில வகைச் சுண்டெலிகளில் ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே ஜீன் இருக்கிறது. ஆனால், அது ஆக்கும் புரதம் ஆணின் இரத்தத்தில் மட்டுமே காணப்படுகிறது! 1970-இல் பாஸ்மோர், ஷ்ரெஃப்ளர் என்ற விஞ்ஞானிகள் வெளியிட்ட விந்தை இது.

அந்த ஜீன் ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமில் இருக்கும் என்பீர்கள். இல்லை, இருபாலார்க்கும் பொதுவான 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பெண் எலிக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினார்கள், புரதம் தோன்றியது. விரை நீக்கிய ஆணிடம் அது வற்றிப்போயிற்று. சரி, ஹார்மோன்தான் சுவிட்சு என்று முடிவுகட்டலாமா? அவசரப்படாதீர்கள்! ஊசி ஏதும் போடாமலே இப்புரதத்தை உண்டாக்கும் பெண் எலிகளும் கிடைத்தன.

அவற்றுள் சிலவற்றில், 13-ஆவது குரோமோசோமிலுள்ள ஒரு காவல்கார ஜீன் பழுதாகியிருந்தது. கல்லீரலில் இப்புரதம் உருவாகாமல் அடக்கிவைப்பதே அதன் வேலை. அதனை இனங்காண 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.